லைட் வாலட்டிடம் எதை மறைக்க முடியும்? பிட்காயின் லைட் கிளையன்ட் நெறிமுறைகளுக்கு ஓர் அறிமுகம்

பிட்காயின் வலைப்பின்னலில் இயங்கும் கணினியான முழு நோடு ஒன்றை ஓட்டினால், 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் தொகுப்பு) இன்றுவரை நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அது தானே இறக்கி, தானே சரிபார்க்கும். அதற்கு 600 ஜிபிக்கு மேல் தரவு இறக்க வேண்டும். போனில் இது நடக்காது. போனில் இருக்கும் வாலட்டுக்குத் தெரிய வேண்டியதோ கொஞ்சம்தான்: என் முகவரிக்குப் பணம் வந்ததா, வந்த பணம் செலவாகாமல் இருக்கிறதா, நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா. முன்பின் தெரியாத நோடுகளிடம் கேட்டு, அவை சொல்வதை அப்படியே நம்பாமல், இந்த மூன்றுக்கும் விடை காண்பதுதான் லைட் கிளையன்ட்டின் வேலை.

அந்த முன்பின் தெரியாத நோடு மூன்று விதமாகக் கெடுதல் செய்யலாம். வராத பணத்தை வந்ததாகச் சொல்லலாம். வந்த பணத்தைச் சொல்லாமல் மறைக்கலாம். நீங்கள் கேட்பதை வைத்தே எந்தெந்த முகவரி உங்களுடையது என்று குறித்துக்கொள்ளலாம். முதலாவதைத் தடுப்பது எளிது. 2008-இல் சதோஷி நகமோட்டோ வெளியிட்ட கட்டுரையின் 8-ஆம் பகுதியிலேயே அதற்கு வழி இருக்கிறது. மற்ற இரண்டும்தான் பெரும் தலைவலி. புதிதாக ஒரு நெறிமுறையைப் படிக்கும்போது இந்த மூன்றையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள். அதன் பலம் எது, ஓட்டை எது என்பது உடனே பிடிபடும்.

ஹெடர் சங்கிலி

ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் 80 பைட் ஹெடர் உண்டு: பதிப்பு எண் 4 பைட், முந்தைய பிளாக்கின் ஹேஷ் (தரவின் கைரேகை போன்ற எண்) 32, இந்த பிளாக்கின் பரிவர்த்தனைகள் எல்லாவற்றையும் சுருக்கிய மெர்க்கிள் வேர் 32, நேரம் 4, கடின இலக்கு 4, நான்ஸ் (இலக்கை எட்டும்வரை மாற்றிப் பார்க்கும் எண்) 4. லைட் கிளையன்ட் பிளாக்குகளை விட்டுவிட்டு ஹெடர்களை மட்டும் இறக்குகிறது. 2025 ஜூனில் சங்கிலியின் உயரம் 9,00,000-ஐத் தாண்டியது. 80-ஆல் பெருக்கினால் 72 எம்பி. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் ஆண்டுக்கு 4.2 எம்பி கூடும். எந்த போனும் தாங்கும்.

இறக்குவதற்கு 'கெட்ஹெடர்ஸ்' என்ற மெசேஜ் அனுப்ப வேண்டும். அதில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சில பிளாக் ஹேஷ்களைப் பட்டியலிடுவீர்கள்: கடைசிப் பத்தும் வரிசையாக, அதற்குப் பின்னால் இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போய், முடிவில் முதல் பிளாக். பியர், அதாவது நீங்கள் இணைந்திருக்கும் எதிர்முனை நோடு, அந்தப் பட்டியலைத் தன் சங்கிலியோடு ஒப்பிட்டு, இருவருக்கும் பொதுவான கடைசி இடத்திலிருந்து அதிகபட்சம் 2000 ஹெடர்களை அனுப்பும். அனுப்பும்போது ஒவ்வொன்றும் 81 பைட். கடைசியில் பூஜ்யமாக ஒரு பைட் வரும். அதை மறந்துவிட்டு 80 பைட்டாக வெட்டினால் இரண்டாவது ஹெடரிலேயே எல்லாம் குழம்பிவிடும்.

வந்த ஹெடரில் நான்கைச் சரிபார்க்க வேண்டும். முந்தைய ஹேஷ் பொருந்துகிறதா. ஹெடரின் இரட்டை ஷா-256 ஹேஷ் இலக்கைத் தாண்டாமல் இருக்கிறதா. நேரம் முந்தைய 11 பிளாக்குகளின் இடைமதிப்பைவிட அதிகமாகவும், இப்போதைய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்கு மேல் முன்னே போகாமலும் இருக்கிறதா. இலக்கு என்று எழுதியிருப்பது விதிப்படி வர வேண்டிய இலக்குதானா. போனின் கடிகாரம் மூன்று மணி நேரம் பின்தங்கியிருந்தால், நேரச் சோதனையில் சரியான ஹெடரும் எதிர்காலத்தது என்று தள்ளுபடியாகும். அப்போது பியரைத் துண்டிக்காதீர்கள். எல்லாப் பியர்களும் ஒரே மாதிரிச் சொன்னால், தவறு உங்கள் கடிகாரத்தில்தான்.

நான்காவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், ஒருவர் எளிதான இலக்கை வைத்துக்கொண்டு மடிக்கணினியிலேயே ஆயிரக்கணக்கில் ஹெடர்களை உற்பத்தி செய்து உங்களிடம் தள்ளலாம். விதி இது: 2016 பிளாக்குக்கு ஒருமுறை, அந்தக் காலத்தின் முதல் பிளாக்குக்கும் கடைசி பிளாக்குக்கும் இடையே ஆன நேரத்தை இரண்டு வாரத்தோடு ஒப்பிட்டு இலக்கை மாற்ற வேண்டும்; ஒரு தடவையில் நான்கு மடங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 2016 பிளாக்குகளுக்கு நடுவே இருப்பது 2015 இடைவெளிகள்தான். தொடக்க மென்பொருளில் இருந்த இந்தச் சிறு பிசகு இன்றைக்கு விதியாகவே ஆகிவிட்டது. நீங்கள் அதைத் திருத்தி எழுதினால் உங்கள் கிளையன்ட் மட்டும் தனியாக நிற்கும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் முழு எண்ணில்தான். கடைசியில் 4 பைட் சுருக்க வடிவத்துக்கு வெட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டு சங்கிலிகள் வந்தால் எது சரி? அதிக ஹெடர் உள்ளது அல்ல, அதிக உழைப்பு (இலக்கை எட்டத் தேவைப்பட்ட கணக்கீடு) சேர்ந்தது. ஒவ்வொரு ஹெடரின் இலக்கையும் உழைப்பாக மாற்றிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

இருப்பதற்குச் சான்று உண்டு

பணம் வந்தது என்று ஒரு பியர் சொன்னால், சான்று கேட்கலாம். பிளாக்கில் உள்ள பரிவர்த்தனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஹேஷ் செய்து, அந்த ஹேஷ்களை மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் முடிவில் ஒரே ஹேஷ் மிஞ்சும். அதுதான் மெர்க்கிள் வேர். 4000 பரிவர்த்தனை உள்ள பிளாக்கில் மரத்தின் உயரம் 12. ஆகவே உங்கள் பரிவர்த்தனையோடு 12 ஹேஷ்கள், அதாவது 384 பைட், கிடைத்தால் போதும். படிப்படியாக ஏறி, கடைசியில் வருவது ஹெடரில் உள்ள வேரோடு பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். புதிதாக எழுதுபவர்கள் முதலில் இடறுவது பைட் வரிசையில்: திரையில் காட்டும் பரிவர்த்தனை ஹேஷ், உள்ளே கணக்கிடும் வரிசைக்குத் தலைகீழாக இருக்கும்.

இதில் ஒரு நுட்பமான ஓட்டை இருந்தது, 2018-இல் வெளியே பேசப்பட்டது. மரத்தின் நடுக்கணு என்பது இரண்டு 32 பைட் ஹேஷ்கள், ஆக 64 பைட். ஒருவர் சரியாக 64 பைட் நீளத்தில் ஒரு பரிவர்த்தனையை நேர்த்தியாகச் செதுக்கி பிளாக்கில் சேர்த்துவிட்டால், அதையே நடுக்கணு என்று காட்டி, அதற்குக் கீழே இல்லாத ஒரு பரிவர்த்தனைக்குச் சான்று தந்துவிடலாம். கணக்கீட்டுச் செலவு அதிகம், ஆனாலும் முடியும். தடுக்கும் வழி: அதே பிளாக்கின் முதல் பரிவர்த்தனையான காயின்பேஸுக்கும் சான்று கேளுங்கள். இரண்டு சான்றுகளின் ஆழமும் சமமாக இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள்.

மெர்க்கிள் சான்றின் எல்லையையும் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். பரிவர்த்தனை பிளாக்கில் இருக்கிறது என்று அது நிரூபிக்கும். அந்த பிளாக் விதிப்படி செல்லும் என்று நிரூபிக்காது. 2015 ஜூலை 4 அன்று இதன் விலை தெரிந்தது. கையெழுத்து வடிவத்தைக் கண்டிப்பாக்கிய பிப் 66 விதி அமலுக்கு வந்த நேரம் (பிப் என்பது பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு). புது பிளாக்குகளை உருவாக்கும் சில சுரங்கக் குழுமங்கள் முந்தைய பிளாக்கை முழுதாகச் சரிபார்க்காமல் ஹெடரை மட்டும் பார்த்து மேலே கட்டிக்கொண்டிருந்தன. விளைவாக, செல்லாத ஒரு பிளாக்கில் தொடங்கி ஆறு பிளாக் நீளத்துக்குச் சங்கிலி வளர்ந்தது. முழு நோடுகள் அதை ஏற்கவில்லை. லைட் வாலட்டுகள் ஏற்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் வழக்கத்தைவிட 30 உறுதிப்பாடுகள் (மேலே சேரும் பிளாக்குகள்) கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று அப்போது எச்சரிக்கை வெளியானது.

இன்னொரு எல்லை: இருப்பதற்குச் சான்று உண்டு, இல்லாததற்கு இல்லை. 'உனக்கு எதுவும் வரவில்லை' என்று பியர் சொன்னால் அதைச் சோதிக்க இந்த மரத்தில் வழியே கிடையாது. இங்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம்.

பிப் 37: கேட்பதிலேயே காட்டிக்கொடுத்தது

2012-இல் வந்த பிப் 37 முதல் முறையான விடை. வாலட் தன் முகவரிகளை ஒரு புளூம் ஃபில்டரில் (பொருள்களை ஹேஷ் செய்து குறித்து வைக்கும் சிறு பிட் தொகுப்பில்) போட்டு 'ஃபில்டர்லோட்' மெசேஜில் பியருக்கு அனுப்பும். பியர் ஒவ்வொரு பிளாக்கையும் அதில் ஓட்டிப் பார்த்து, பொருந்தும் பரிவர்த்தனைகளை மட்டும் மெர்க்கிள் சான்றோடு அனுப்பும். புளூம் ஃபில்டர் சேர்த்ததைத் தவறவிடாது. சேர்க்காததையும் சில சமயம் இருப்பதாகச் சொல்லும். 100 பொருள்களைப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற பிழை விகிதத்தில் போட, பொருளுக்கு 19 பிட் சொச்சம் என்ற கணக்கில் ஏறத்தாழ 240 பைட்டும் 13 ஹேஷ் சார்புகளும் போதும். உச்சவரம்பு 36,000 பைட், 50 சார்புகள்.

பிழையாகப் பொருந்தும் பரிவர்த்தனைகள் நடுவே உங்களுடையது ஒளிந்துகொள்ளும், அதனால் பியருக்கு எது உங்களுடையது என்று தெரியாது என்பது எதிர்பார்ப்பு. அது பலிக்கவில்லை. பணம் வருவதைப் பார்க்க, முகவரிக்கு மூலமான பொதுச்சாவியின் ஹேஷும், செலவாவதைப் பார்க்கப் பொதுச்சாவியும் தேவை என்பதால் வாலட்டுகள் இரண்டையும் ஃபில்டரில் போட்டன. சங்கிலியில் தெரியும் ஒரு பொதுச்சாவியை எடுத்து இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தால், பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்த பிழை பத்துக் கோடியில் ஒன்றாகிவிடும். மறைவிடம் போய்விட்டது. செயலியை மூடித் திறக்கும்போது வேறு சீரற்ற எண்ணோடு புது ஃபில்டர் உருவாகும். இரண்டு ஃபில்டர்களிலும் பொருந்துபவை எவை என்று பார்த்தால் மிச்சமிருந்த பொய்களும் உதிர்ந்துவிடும். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, 20-க்கும் குறைவான முகவரிகள் உள்ள வாலட்டுகள் தங்கள் முகவரிகள் அனைத்தையும் வெளிப்படுத்திவிடும் அபாயத்தில் இருப்பதாகக் காட்டியது.

நோடு நடத்துபவர் பக்கமும் நியாயம் இருந்தது. வாலட் அனுப்புவது சில நூறு பைட். அதற்காக நோடு பழைய பிளாக்குகளை ஒவ்வொன்றாக டிஸ்க்கிலிருந்து எடுத்துப் பிரித்து ஓட்ட வேண்டும். ஆளுக்கொரு ஃபில்டர் என்பதால் ஒருவருக்குச் செய்த வேலை அடுத்தவருக்கு உதவாது. கெட்ட எண்ணத்தோடு நாலைந்து பேர் கேட்டாலே டிஸ்க் திணறும். பெரும்பாலான முழு நோடுகள் ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோரின் 0.19 பதிப்பு, 2019 நவம்பரில் வந்தபோது, இந்தச் சேவையை இயல்பு நிலையில் அணைத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

பிப் 157, 158: ஃபில்டர் கைமாறியது

2017-இல் முன்வைக்கப்பட்ட மாற்று முறை, கேள்வியையே திருப்பிப் போட்டது. ஃபில்டரை வாலட் தயாரிக்க வேண்டாம், நோடு தயாரிக்கட்டும். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரே ஒரு ஃபில்டர், எல்லோருக்கும் அதே. வாலட் அதை இறக்கித் தன் போனுக்குள்ளேயே தன் முகவரிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளும். பொருந்தினால் அந்த பிளாக்கை முழுதாக இறக்கும். நோடு ஒருமுறை கணக்கிட்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் போதும். ஃபில்டரைக் கேட்பதில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை.

ஃபில்டரில் என்ன இருக்கும்? அந்த பிளாக்கின் எல்லா வெளியீட்டு ஸ்கிரிப்ட்களும், அதாவது பணத்தை யார் செலவழிக்கலாம் என்று பூட்டும் நிபந்தனைகளும் (தரவு மட்டும் சுமக்கும் ஓபி-ரிட்டர்ன் தவிர), அந்த பிளாக்கில் செலவான பழைய வெளியீடுகளின் ஸ்கிரிப்ட்களும். ஒவ்வொன்றையும் சிப்ஹேஷ் என்ற, சாவியோடு இயங்கும் ஹேஷ் சார்பு கொண்டு 64 பிட் எண்ணாக்க வேண்டும். சாவி, பிளாக் ஹேஷின் முதல் 16 பைட். பிறகு அந்த எண்ணை 0 முதல் N × 7,84,931 வரையான வீச்சுக்குள் சுருக்க வேண்டும். N என்பது ஸ்கிரிப்ட்களின் எண்ணிக்கை. சுருக்குவதற்கு மீதி காணும் வகுத்தலைப் பயன்படுத்தக் கூடாது: வீச்சால் பெருக்கி, 128 பிட் விடையின் மேல் 64 பிட்டை எடுக்க வேண்டும். இங்கே தவறினால் எந்த ஃபில்டரும் பொருந்தாது, ஏன் என்றும் லேசில் புரியாது.

கிடைத்த எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, அடுத்தடுத்தவற்றின் வித்தியாசங்களை மட்டும் கோலோம்-ரைஸ் முறையில் எழுதுகிறார்கள். வித்தியாசம் 12,00,000 என்று வைத்துக்கொள்வோம். 2-இன் 19-ஆம் அடுக்கு 5,24,288. அதனால் வகுத்தால் ஈவு 2, மீதி 1,51,424. ஈவுக்கு இரண்டு 1-களும் முடிவைக் காட்ட ஒரு 0-வும், மீதிக்கு 19 பிட்டும் எழுதினால் மொத்தம் 22 பிட். சராசரியாக ஒரு ஸ்கிரிப்டுக்கு 21 பிட் ஆகும். 8000 ஸ்கிரிப்ட் உள்ள பிளாக்குக்கு ஃபில்டர் சுமார் 21 கேபி. அந்தக் கணக்கில் நாளுக்கு 144 பிளாக்குக்கு 3 எம்பி. மொபைல் டேட்டாவில் இது கட்டுப்படியாகும், ஆனால் ஒரு மாதம் திறக்காத வாலட் 90 எம்பி கேட்கும். வைஃபை வரும்வரை காத்திருக்கவா என்று பயனரிடம் கேட்டுவிடுங்கள். பிழை விகிதம் பொருளுக்கு 7,84,931-இல் ஒன்று. 100 ஸ்கிரிப்ட் உள்ள வாலட் ஏறத்தாழ 7800 பிளாக்குக்கு ஒருமுறைதான் வீணாக ஒரு பிளாக்கை இறக்கும்.

இனி மறைத்தல். பியர் உங்கள் ஸ்கிரிப்ட் இல்லாத போலி ஃபில்டரைத் தந்தால்? அதற்காக ஃபில்டர்களுக்கும் ஒரு சங்கிலி உண்டு: ஃபில்டரின் ஹேஷையும் முந்தைய ஃபில்டர்-ஹெடரையும் சேர்த்து ஹேஷ் செய்தால் இந்த ஃபில்டர்-ஹெடர். ஆயிரம் பிளாக்குக்கு ஒன்றாக இவற்றைப் பல பியர்களிடம் கேட்டு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் இடையிலுள்ளவற்றை 2000 வீதம் வாங்கிச் சங்கிலியை நீங்களே கட்டுங்கள். ஃபில்டர்களை 1000 வீதம் வாங்கலாம். எங்காவது இருவர் முரண்பட்டால், முரண்படும் முதல் பிளாக்கை இறக்கிச் சோதிக்க வேண்டும். வெளியீட்டு ஸ்கிரிப்ட்களில் யார் பொய் சொன்னாலும் கையும் களவுமாகப் பிடிபடுவார். செலவான ஸ்கிரிப்ட்கள் பிளாக்கில் நேரடியாக இல்லை; பழைய வகை முகவரிகளில் அவற்றை உள்ளீட்டிலிருந்து ஊகித்துவிடலாம், டேப்ரூட் என்ற புதிய வகை முகவரியின் சாவிவழிச் செலவில் கையெழுத்து மட்டுமே இருப்பதால் முடியாது. அதனால் முரண்பாடு வந்த பிளாக்கில் ஃபில்டரை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுடைய பழைய வெளியீடு எதையாவது எந்த உள்ளீடாவது செலவழிக்கிறதா என்று நேராகவே பாருங்கள். பிளாக்தான் கையில் இருக்கிறதே.

ஆக, தொடர்பில் உள்ளவர்களில் ஒரே ஒருவர் நேர்மையானவராக இருந்தாலும் மறைப்பு அம்பலமாகும். ஒருவரும் இல்லையென்றால் அம்பலமாகாது. ஃபில்டரின் ஹேஷ் பிளாக்குக்குள்ளேயே பொறிக்கப்படாத வரை இந்தக் குறை இருந்தே தீரும்.

நடைமுறையில் அதிகம் பார்க்கும் பிழை ஒன்று, விதைச் சொற்களிலிருந்து (எல்லாச் சாவிகளையும் மறுபடி உருவாக்க எழுதி வைக்கும் சொற்கள்) வாலட்டை மீட்கும்போது வருவது. வழக்கமாகப் பயன்படாத 20 முகவரிகள்வரை முன்னே பார்ப்போம். ஒரு பிளாக்கில் 18-ஆவது முகவரிக்குப் பணம் வந்தது தெரிந்ததும் பட்டியல் 38 வரை நீளும். புதிதாகச் சேர்ந்தவற்றை அதே பிளாக்கின் ஃபில்டரோடு மறுபடி ஒப்பிடாமல் அடுத்த பிளாக்குக்குப் போனால், அதே பிளாக்கில் 25-ஆவது முகவரிக்கு வந்த பணம் காணாமல் போகும். பயனருக்கு இருப்பு குறைவாகத் தெரியும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. வாலட் உருவான நாளைச் சேமித்து வைப்பதும் முக்கியம்; இல்லாவிட்டால் தொடக்கத்திலிருந்து எல்லா ஃபில்டரையும் ஓட்ட நேரும்.

இம்முறையில் உறுதியாகாத பரிவர்த்தனை தெரியாது. பணம் பிளாக்கில் ஏறிய பிறகுதான் வாலட்டுக்குத் தெரியும். கடையில் நின்று பணம் வாங்குபவருக்கு இது பெரிய குறை.

எலெக்ட்ரம் வழி

2011-லிருந்து இருக்கும் எலெக்ட்ரம், முகவரி வாரியாக அட்டவணை வைத்திருக்கும் சர்வரிடம் நேராகக் கேட்கிறது. நொடியில் விடை வரும், சான்றும் வரும், உறுதியாகாததும் தெரியும். விலை: சர்வர் உங்கள் முகவரிகளை எல்லாம் பார்க்கிறது. சொந்த சர்வர் வைத்திருந்தால் இதைவிடச் சுகமான முறை கிடையாது.

நெறிமுறை எழுதுபவர்கள் அதன் வரலாற்றில் படிக்க வேண்டிய பக்கம் 2018 டிசம்பர். பரிவர்த்தனையை அனுப்பும்போது சர்வர் பிழைச் செய்தி தரலாம். வாலட் அதை வடிவமைப்போடு அப்படியே திரையில் காட்டியது. மோசடிக்காரர்கள் பெருமளவில் சர்வர்களை நிறுவி, 'புதிய பதிப்பை இங்கே இறக்குங்கள்' என்று இணைப்போடு செய்தி அனுப்பினார்கள். 200 பிட்காயினுக்கு மேல் பறிபோனது. குறியாக்கவியலில் எந்த ஓட்டையும் இல்லை. பியர் எழுதிய வாக்கியம் வாலட்டின் வாக்கியமாகத் திரையில் தெரிந்ததுதான் ஓட்டை. உங்கள் நெறிமுறையில் பிழைக்கு எண் மட்டும் வரட்டும். வாக்கியம் வாலட்டுக்குள்ளிருந்து வரட்டும்.

பியர்களைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நேர்மையான பியராவது வேண்டும் என்பதால், யாரோடு இணைகிறோம் என்பதே பாதுகாப்பின் பாதி. எல்லாத் தொடர்புகளும் ஒரே ஆளின் கையில் சிக்கினால் அதற்கு எக்லிப்ஸ் தாக்குதல் என்று பெயர். 2015-இல் முழு நோடுகளின் மீதே இது சாத்தியம் என்று காட்டினார்கள். டிஎன்எஸ் விதைகள் (நோடுகளின் முகவரிப் பட்டியல் தரும் சர்வர்கள்) தரும் முகவரிகளில், ஐபி முகவரியின் முதல் 16 பிட் வெவ்வேறாக உள்ளவர்களை எடுங்கள். முன்பு ஒழுங்காகப் பேசிய ஓரிருவரை நினைவில் வைத்து அடுத்த முறையும் இணையுங்கள். ஃபில்டர் தரும் நோடுகள் சேவை பிட்டில் அதைத் தெரிவிக்கும், ஆனால் பிட்காயின் கோரில் இது இயல்பாக அணைந்தே இருப்பதால் எண்ணிக்கை குறைவு. ஃபில்டரை அவர்களிடம் வாங்கினாலும், பொருந்திய பிளாக்கை வேறொருவரிடம் கேளுங்கள். எந்த பிளாக்கைக் கேட்கிறீர்கள் என்பதும் ஒரு தடயம்.

ஹெடரே வரவில்லை என்றால் எப்போது சந்தேகப்படுவது? பிளாக்குகளுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதற்கான வாய்ப்பு சுமார் 400-இல் ஒன்று. நாளுக்கு 144 பிளாக் என்பதால், மூன்று நாளுக்கு ஒருமுறை இயல்பாகவே இது நடக்கும். வரம்பை ஒரு மணி என்று வைத்தால் வீண் எச்சரிக்கையில் பயனர் சலித்துப்போவார். இரண்டு மணி நேர இடைவெளி ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான். அதையே வரம்பாக வைத்து, கடந்ததும் பியர்கள் எல்லோரையும் மாற்றுங்கள்.

பணம் அனுப்பும்போது பியரிடமிருந்து 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் வராது. நிராகரித்தாலும் மெசேஜ் வராது. கட்டணம் பியரின் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே இருந்தால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஒருவரிடம் அனுப்பிவிட்டு, தொடர்பே இல்லாத இன்னொருவர் அதே பரிவர்த்தனையை உங்களுக்கு அறிவிக்கிறாரா என்று பார்ப்பதுதான் வழி. அதற்கு அந்த இரண்டாவது இணைப்பைத் தொடங்கும்போதே பரிவர்த்தனை அறிவிப்புகள் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு பிளாக்செயினான எத்தீரியம் வேறு பாதையில் போயிற்று. 2022 செப்டம்பரில் சுரங்க முறையைக் கைவிட்டதால் அங்கே உழைப்பைக் கூட்டும் ஹெடர் சங்கிலி இல்லை. சுமார் 27 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் 512 பேர் குழுவின் கையெழுத்தை லைட் கிளையன்ட் சரிபார்க்கிறது.

எழுதிப் பார்க்க விரும்பினால், பிட்காயின் கோரை ரெக்டெஸ்ட் என்ற தனிச் சோதனைச் சங்கிலி முறையில், பிளாக்ஃபில்டர்இண்டெக்ஸ், பியர்பிளாக்ஃபில்டர்ஸ் ஆகிய இரண்டு அமைப்புகளையும் 1 என்று வைத்து ஓட்டுங்கள். பிளாக்குகளை உருவாக்கி, 'இன்வாலிடேட்பிளாக்' கட்டளையால் கடைசி மூன்றைச் செல்லாததாக்கி, மாற்றுச் சங்கிலியை நீளமாக வளர்த்துப் பாருங்கள்: உங்கள் வாலட் பழைய இருப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறதா? பிறகு ஃபில்டரில் ஒரு ஸ்கிரிப்டை விட்டுவிடும் போலி நோடு ஒன்றை எழுதி, நேர்மையான நோடோடு சேர்த்து இணையுங்கள். ரெக்டெஸ்டில் இலக்கு மாறவே மாறாது என்பதால், இலக்குக் கணக்கை மட்டும் உண்மைச் சங்கிலியின் ஹெடர்களில்தான் சோதிக்க முடியும். அங்கே இலக்கு முதன்முதலாக மாறியது 2009 டிசம்பர் இறுதியில், 32,256-ஆவது பிளாக்கில். அதுவரையுள்ள ஹெடர்கள் எல்லாம் சேர்ந்தே 2.6 எம்பிதான், அந்த ஒரு மாற்றத்தை உங்கள் நிரல் பிட் பிசகாமல் கணக்கிடும்வரை மேலே போகாதீர்கள்.